சேத்தக்கை பெயிண்ட் இல்லாமல் வெறும் உலோகமாகவே விடலாமா?

காவிரிக்கரை_சேத்தக்
எல்லோருக்கும் வணக்கம். அப்பா 1987-இல் எடுத்த பஜாஜ் சேத்தக் எங்கள் வீட்டில் இருக்கிறது. அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. கடைசியாக ஓட்டிவந்து திண்ணை ஓரம் நிறுத்தினார், அன்றிலிருந்து தார்ப்பாய்க்குள்ளேயே நின்றது. போன மாதம் வெளியே எடுத்தேன். எஞ்சின் சுற்றுகிறது, கியர் விழுகிறது. பெயிண்ட்தான் போய்விட்டது. தகட்டில் சில இடங்களில் உப்பி, விரல் வைத்தால் செதிலாக உதிர்கிறது.

மறுபடி பெயிண்ட் அடிக்க எனக்கு மனமில்லை. எல்லா பெயிண்டையும் உரித்துவிட்டு, உடம்பு, சைடு பேனல், மட்கார்ட், ஹேண்டில், சக்கரம் என அத்தனையையும் உலோகம் தெரியும்படி பாலிஷ் போட்டு, மேலே நிறமில்லாத கிளியர் கோட் அடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். அப்படிச் சில படங்கள் பார்த்தேன், அவ்வளவு அழகு. யாராவது செய்திருந்தால் முறையைச் சொல்லுங்கள். பெயிண்ட் உரிய எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் காஸ்டிக் சோடா கரைத்து ஊறப்போடு என்று ஒரு நண்பர் சொல்கிறார். சனிக்கிழமை ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன்.

வேதியியல்_டீச்சர்
தம்பி, சனிக்கிழமை அந்த டிரம்மை மட்டும் தொடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

காஸ்டிக் சோடா இரும்பை ஒன்றும் செய்யாது, அலுமினியத்தைத் தின்றுவிடும். சேத்தக்கில் எஞ்சின் கேஸ், ஹேண்டில் வார்ப்பு, முன் சக்கர ஹப்பு எல்லாம் அலுமினியம். போட்ட சில நிமிடங்களில் நுரை பொங்கும். அந்த நுரையில் இருப்பது ஹைட்ரஜன், ஒரு தீப்பொறி போதும். கரைசலும் தானாகவே சூடேறும், கொதித்துத் தெறித்தால் கண் போய்விடும். மிஞ்சி வெளியே எடுக்கிற வார்ப்பும் கரிபோல் கறுத்திருக்கும். வார்ப்பு அலுமினியத்தில் கலந்திருக்கும் சிலிக்கான் கரையாமல் மேலேயே கறுப்பாகப் படிந்துவிடுவதுதான் காரணம்.

நம் சமையலறையிலேயே இதைப் பார்க்கலாம். அலுமினியப் பாத்திரத்தைச் சலவை சோடா போட்டுக் கழுவினால் கறுத்துப்போகும். அதே பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் உள்பக்கம் வெளுத்து வரும். காரம் கறுக்க வைக்கிறது, புளிப்பு வெளுக்க வைக்கிறது. வண்டிக்கும் இதே கதைதான்.

கோவை_லேத்து
டீச்சரம்மா சொன்னதற்கு அடுத்து என் பங்கு. நான் கோவையில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன், பழைய ஸ்கூட்டர் வேலை பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். ஒட்டுகிற பாகங்களை ஒரு பக்கம், ஒட்டாதவற்றை இன்னொரு பக்கம் என்று தாளில் எழுதுங்கள். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அந்தத் தாளிலேயே இருக்கிறது. ஒட்டாதது அலுமினியம், அதை வெறும் உலோகமாக விடலாம். ஒட்டுவது இரும்புத் தகடு, அதை விடக்கூடாது.

அலுமினியம் காற்றுப் பட்டதும் தானே ஒரு மெல்லிய படலத்தைப் போர்த்திக்கொள்ளும். அந்தப் படலம் உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கும். இரும்பின் துரு அப்படியில்லை. உதிர்ந்து உதிர்ந்து அடுத்த அடுக்கைத் திறந்துவிட்டுக்கொண்டே போகும். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே போதும், வெறும் இரும்பு துருப்பிடிக்க ஆரம்பிக்கும். நம் ஊரில் அதைத் தாண்டாத நாட்கள் எத்தனை?

இன்னொன்று, சேத்தக் இத்தாலிய வெஸ்பா ஸ்கூட்டர் வழி வந்த வண்டி. 1946-இல் பியாஜியோ நிறுவனத்துக்கு வெஸ்பாவை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். தனியாகச் சட்டம் (ஃபிரேம்) வைக்காமல் அழுத்தி வளைத்த தகட்டையே ஒன்றோடொன்று ஸ்பாட் வெல்டு வைத்து உடம்பாக்கினார். அதாவது உங்கள் வண்டிக்குச் சட்டம் என்று தனியாக எதுவும் கிடையாது. அந்தத் தகடுதான் உங்களையும் எஞ்சினையும் தாங்குகிறது. அதைத் துருவுக்குத் திறந்துவிடுவது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

லாம்பிப்பிரியன்
கோவை அண்ணன் சொல்வதைப் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "கூடாது" என்று ஒரே அடியாகச் சொல்வது அதிகம். என்னிடம் இருப்பது லாம்பி 150, லாம்பிரெட்டா வழி வந்த ஸ்கூட்டர். அதன் சைடு பேனல் இரண்டையும் மூன்று வருடமாக வெறும் இரும்பாகத்தான் வைத்திருக்கிறேன், கிளியர் கூட அடிக்கவில்லை. வாரம் ஒருமுறை மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைக்கிறேன். மழையில் எடுப்பதில்லை. ஊர் ஓசூர், காற்று ஓரளவு காய்ந்தது. பேனல் அங்கங்கே பழுப்பேறி ஒரு நிறத்துக்கு வந்திருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஒன்று உண்மை, லாம்பிரெட்டா வேறு சாதி. உள்ளே பெரிய குழாய்ச் சட்டம் இருக்கும், பேனல் அதன் மேல் மாட்டியதுதான். கழற்றி வைத்துவிட்டாலும் வண்டி ஓடும். என் பேனல் அரித்துப்போனால் வேறு தேடிக்கொள்வேன். சேத்தக் உடம்புக்கு அப்படிச் செய்ய முடியாது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

நாகை_உப்புக்காற்று
ஓசூரில் மூன்று வருடம் நின்றது எங்கள் ஊரில் மூன்று நாள் நிற்காது. கடல் இங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர். ராத்திரி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்த மட்கார்டு காலையில் மஞ்சள் பூத்திருக்கும். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கிளியர் கோட் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பளபளப்பாகத் தேய்த்த இரும்பின் மேல் கிளியர் அடித்து ஒரு வண்டி செய்தேன். ஏழு மாதம் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எட்டாவது மாதம் ஒரு போல்ட் ஓரத்திலிருந்து தலைமுடி மாதிரி மெல்லிய பழுப்புக் கோடுகள் கிளம்பின. கிளியருக்கு அடியிலேயே புழு நெளிகிற மாதிரி நாலா பக்கமும் ஓடின. மேலே துடைத்து என்ன பயன், துரு உள்ளே இருக்கிறதே. முழுவதையும் மறுபடி உரிக்க வேண்டியதாகிவிட்டது. பிரைமர்தான் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், துருவைத் தடுக்கும். கிளியருக்கு அந்த இரண்டு வேலையும் தெரியாது.

காவிரிக்கரை_சேத்தக்
டீச்சருக்கு மிகவும் நன்றி. டிரம் வேலையை விட்டுவிட்டேன். காந்தத்தோடு சுற்றியும் வந்தேன். ஒட்டாதவை: ஹேண்டில் மேல்பாகம், முன் ஹப்பு, பின் டிரம், எஞ்சின் கேஸ், கிளட்ச் மூடி, ஃபுட்போர்டு பீடிங் பட்டைகள். மற்ற எல்லாம் ஒட்டுகிறது. முன் தகட்டில் கீழே ஓர் இடத்தில் மட்டும் காந்தம் வழுக்கிக்கொண்டு வருகிறது. அங்கே ஏன் அப்படி?

கோவை_லேத்து
அங்கே உள்ளே பட்டி கனமாக இருக்கும். அடிபட்டு, டிங்கர் வேலை பார்த்து, மேலே பட்டி பூசியிருப்பார்கள். கையால் உரித்துப் பாருங்கள், மெஷின் வைக்காதீர்கள்.

கையால் என்றால் 80-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரில் ஆரம்பித்து, தண்ணீர் தொட்டு. உலர்வாகத் தேய்க்க வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், தூசி பறந்தால் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆகாது. தேய்த்த சேற்றை வாசலில் கழுவி விடாமல் பழைய செய்தித்தாளில் வழித்து எடுத்துவிடுங்கள்.

புதுக்கை
குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். கடையில் விற்கும் பெயிண்ட் ரிமூவரைத் தடவினால் அரை மணி நேரத்தில் உரிந்துவிடுமே. எதற்கு இவ்வளவு கஷ்டம்?

வேதியியல்_டீச்சர்
உரியும், உண்மைதான். வேகமாக உரிக்கிற ரிமூவர் பலவற்றிலும் இருப்பது டைகுளோரோமீத்தேன். வாங்குமுன் டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். அதன் கொதிநிலை சுமார் 40 டிகிரி. சித்திரை மாதத்தில் வேலூரிலோ திருச்சியிலோ மூடிய அறைக்குள் டப்பாவைத் திறந்தால், அது கிட்டத்தட்டக் கொதித்துக்கொண்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். உட்கார்ந்து வேலை செய்பவரின் மூக்கு இருப்பதும் அங்கேதான். உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறும். மூடிய இடத்தில் இதை வைத்து வேலை செய்து இறந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2019-லேயே வீட்டு உபயோகத்துக்கான பெயிண்ட் ரிமூவரில் இதற்குத் தடை போட்டுவிட்டார்கள். சாதாரணத் துணி முகமூடி எதற்கும் உதவாது. கரிம ஆவிக்கென்று விற்கிற முகமூடியும் இதைச் சீக்கிரமே உள்ளே விட்டுவிடும்.

பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் மொட்டைமாடியில், காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, கொஞ்சம் கொஞ்சமாக. வெயில் இறங்கிய பிறகு. தனியாக இருக்கும்போது வேண்டாம்.

காவிரிக்கரை_சேத்தக்
(ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன்.)

கையாலேயே தேய்த்தேன். முன் தகட்டில் காந்தம் வழுக்கிய இடத்தைத்தான் முதலில் எடுத்தேன். தண்ணீர் தொட்டு வட்டமாகத் தேய்த்தபோது மேலே இருந்த சாம்பல் நிறம் விலகி உள்ளே ஒரு வெள்ளை வளையம் வந்தது. அப்புறம் அடர் நீலம். அதற்குள் மெல்லிசாகச் செங்காவி, பழைய ரெட் ஆக்சைடு பிரைமர். இன்னும் தேய்த்தால் அதற்கும் அடியில் ஒரு பச்சை. ஒரு ரூபாய் நாணய அளவு இடத்துக்குள் ஐந்து வளையம், மரத்தை அறுத்த மாதிரி. வண்டி வாங்கும்போது பச்சை என்று அம்மா சொல்லியிருக்கிறார், நான் நம்பியதே இல்லை. எனக்கு நினைவில் இருப்பது நீலமும் அதற்குப் பிறகு அடித்த நிறங்களும்தான்.

பச்சை முடிகிற ஓரத்தில், செங்காவிக்கு அடியில் பட்டி. பட்டியைத் தோண்டி எடுத்தால் விரல் நீளத்துக்கு மஞ்சளாக ஒரு கோடு. முதலில் புரியவில்லை. பித்தளை வைத்துக் கேஸ் வெல்டிங் போட்டிருக்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மணிகண்டம் பக்கம் ஒரு மாட்டு வண்டியில் மோதி அப்பாவும் நானும் விழுந்தோம். எனக்கு முழங்காலில் தழும்பு இருக்கிறது. வண்டியின் தழும்பு இங்கே இருந்திருக்கிறது.

பட்டி போன இடத்தில் தகடு அலை அலையாக இருக்கிறது. இதைப் பாலிஷ் போட்டு வெறுமனே விட முடியாது என்று இப்போது எனக்கே தெரிகிறது.

லாம்பிப்பிரியன்
இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த வளையத்தை அழிக்காதீர்கள் தம்பி.

கோவை_லேத்து
பித்தளை ஒட்டு நன்றாகத்தான் நின்றிருக்கிறது, முப்பது வருடம் தாங்கியிருக்கிறதே. பின்பக்கம் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இல்லையென்றால் அப்படியே விடலாம்.

உடம்பு முழுவதையும் கையால் உரிக்க ஒரு மாதம் ஆகும். சீக்கிரம் ஆகட்டும் என்று மணலடிக்க (காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சி உரிக்க) கொடுத்துவிடாதீர்கள். எங்கள் பக்கம் ஒரு பட்டறையில் ஒரு வாடிக்கையாளர் தன் சைடு பேனலை நேராகக் கொண்டுபோய்க் கொடுத்தார். வார்ப்பு இரும்புக்கு வைக்கிற அழுத்தத்திலேயே அதற்கும் அடித்திருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தகடு அது, அப்பளம் பொரிந்த மாதிரி உப்பிப்போய் வந்தது. என்னிடம் கொண்டுவந்தார், என்னாலும் நேராக்க முடியவில்லை. துகள் ஒவ்வொன்றும் சின்னச் சுத்தியல் மாதிரி ஒரே பக்கத்தை அடித்து நீட்டுகிறது, அதனால்தான் தகடு வளைகிறது. தகட்டுக்கு அடிக்கத்தான் வேண்டும் என்றால் குறைந்த அழுத்தம், சாய்ந்த கோணம், பொடி கார்னெட். கார்னெட் நம் தென்கடற்கரை மணலிலேயே இருக்கிற கல். ஆற்று மணல் வைத்து அடிக்கிற இடத்தின் பக்கமே போகாதீர்கள். அதன் தூசி நுரையீரலில் தங்கினால் வெளியே வராது.

அப்புறம் சேஸிஸ் எண் பதித்த இடத்தில் எதையும் வைத்துத் தேய்க்காதீர்கள். அந்த இரண்டு அங்குலத்தைத் தின்னர் தொட்ட துணியால் மட்டும் துடைத்தால் போதும். எண் மங்கினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படாத பாடு படவேண்டியிருக்கும். நிறமும் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதுதான், மாற்றினால் அங்கேயும் எழுதி மாற்றிக்கொள்ள வேண்டும்.

காவிரிக்கரை_சேத்தக்
ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். "பச்சை" என்றே இருக்கிறது. அப்பா மாற்றவே இல்லை.

சரி, உடம்புக்கு அந்தப் பச்சையையே அடித்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் அலுமினியப் பாகங்களை விட்டுத்தர மாட்டேன், அவை வெறும் உலோகமாகத்தான் நிற்க வேண்டும். ஹேண்டில் மேல்பாகத்தை எப்படிக் கொண்டுவருவது? விரிவாகச் சொல்லுங்கள் அண்ணா.

கோவை_லேத்து
இதற்காகத்தான் காத்திருந்தேன்.

பெயிண்ட் உரிந்ததும் வார்ப்பு சாம்பல் நிறத்தில், சொரசொரப்பாக இருக்கும். அங்கங்கே வெள்ளையாகப் பூத்த குழிகளும் இருக்கும், அது அலுமினியத்தின் துரு. குழி எவ்வளவு ஆழமோ அந்த ஆழத்துக்கு எல்லா இடமும் இறங்கி வர வேண்டும். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். 180-ஆம் நம்பர் தாளில் குழி போகாமல் 400-க்குத் தாவினால், கடைசியில் பாலிஷ் ஏறும்போது அந்தக் குழி அம்மைத் தழும்பு மாதிரி முன்னைவிடத் தெளிவாகத் தெரியும். பாலிஷ் எதையும் மறைக்காது.

180, 240, 400, 600, 1000. தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. ஒரு நம்பரில் வடக்கு தெற்காகத் தேய்த்தால் அடுத்த நம்பரில் கிழக்கு மேற்காக. முந்தைய கோடு ஒன்றுகூடத் தெரியாமல் போனால்தான் அடுத்த தாள். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் கோடு தெரியும், டியூப் லைட்டில் தெரியாது. அதே சமயம் தேவைக்கு மேல் ஆழமாகவும் போகாதீர்கள். அச்சு வார்ப்பில் மேல்தோல் கெட்டியாக இருக்கும், அதற்குக் கீழே குண்டூசி முனை மாதிரி காற்றுத் துளைகள் உண்டு. தோலைத் தாண்டிவிட்டால் அந்தத் துளைகளை எந்தப் பாலிஷும் மூடாது.

இரும்புக் கம்பி பிரஷ்ஷை அலுமினியத்தில் வைக்கவே வைக்காதீர்கள். கம்பித் துணுக்கு உள்ளே பதிந்து, மழைக்குப் பிறகு செம்புள்ளியாகக் கிளம்பும்.

1000 முடிந்ததும் பஃபிங். வீட்டில் பட்டறை பெஞ்ச் கிரைண்டர் இருந்தால் ஆறு அங்குலத் துணிச் சக்கரம் மாட்டிக்கொள்ளலாம், 2,800 சுற்று போதும். முதலில் பழுப்பு பஃபிங் சோப், அடுத்து வேறு சக்கரத்தில் வெள்ளை. ஒரே சக்கரத்தில் இரண்டையும் போட்டால் பழுப்பின் பருமணல் வெள்ளைக்குள் வந்து மறுபடி கீறும். பாகத்தைச் சக்கரத்தின் நடுக்கோட்டுக்குக் கீழே பிடியுங்கள், ஓரம் எப்போதும் கீழ்நோக்கி. மேல்நோக்கிப் பிடித்தால் சக்கரம் ஓரத்தைக் கவ்விப் பிடுங்கி வீசிவிடும். என் தொழிலில் நான் பார்த்த கைக்காயங்களில் பாதி இப்படி வந்தவை. பிடிக்க முடியாத அளவு சூடானால் நிறுத்தி ஆறவிடுங்கள். கையுறை தளர்வாக இருக்கவே கூடாது.

கிரைண்டர் இல்லையென்றால் எவர்சில்வர் பாத்திரத்துக்கு பஃபிங் போடுகிற பட்டறையில் கேளுங்கள், அவர்கள் கை பழகிய கை. ஆனால் புதுத் துணிச் சக்கரம் வாங்கி நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். எஃகு தேய்த்த சக்கரத்தில் அலுமினியம் ஏறினால் கீறலும் விழும், அலுமினியத் தூசியும் இரும்புப் பொறியும் சேர்ந்தால் தீயும் பிடிக்கும்.

ஹப்பு, டிரம் செய்யும்போது பிரேக் ஷூ தேய்கிற உள்வளையத்தில் சோப்பு, எண்ணெய் எதுவும் படக்கூடாது. பேரிங் கழற்றிவிட்டுத்தான் தண்ணீர் வேலை. எஞ்சின் கேஸை மட்டும் பளபளப்பாக்க வேண்டாம் என்பது என் எண்ணம். கழுவி, சாம்பல் நிறத்திலேயே விட்டால் அதற்கு ஒரு கம்பீரம் உண்டு. மணலுக்குப் பதில் சின்னக் கண்ணாடி மணிகளைப் பீய்ச்சி அடிக்கக் கொடுத்தால் ஒவ்வொரு ஆயில் துளையையும் அடைத்துக் கொடுங்கள். ஒரே ஒரு கண்ணாடி மணி உள்ளே தங்கினாலும் கிராங்க் பேரிங் போய்விடும்.

புதுக்கை
பாலிஷ் போட்ட அலுமினியத்துக்காவது கிளியர் அடிக்கலாமா?

நாகை_உப்புக்காற்று
வேண்டாம். அவ்வளவு வழுவழுப்பில் கிளியர் பிடிக்காது, ஓரத்தில் தோலாக உரியும். மெழுகு போதும். என் வண்டிக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போடுகிறேன், கடலிலிருந்து தள்ளி இருப்பவர்களுக்கு மாதம் ஒருமுறை போதும். மழையில் நனைந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட வேண்டும், தானாகக் காயவிட்டால் சொட்டு சொட்டாகத் திட்டு நிற்கும்.

லாம்பிப்பிரியன்
சின்ன இரும்புப் பாகங்கள் துருவேறி இருந்தால் சலவை சோடா கரைத்த தண்ணீரில் பேட்டரி சார்ஜர் வைத்து எடுக்கலாம். நெகட்டிவ் வயர் பாகத்தில், பாசிட்டிவ் ஒரு பழைய இரும்புத் தகட்டில். திறந்த வெளியில் செய்யுங்கள். எல்லா பிராக்கெட்டும் அப்படித்தான் எடுத்தேன், உலோகம் துளியும் குறையவில்லை.

வேதியியல்_டீச்சர்
நல்ல முறை. பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் கரண்டியையோ தட்டையோ மட்டும் தொங்கவிடாதீர்கள். அதிலுள்ள குரோமியம் நச்சாகத் தண்ணீரில் இறங்கும். அலுமினியத்தையும் அந்தத் தொட்டியில் போடக்கூடாது. எடுத்த இரும்பை உடனே துடைத்து உலர்த்தி பிரைமர் அடித்துவிடுங்கள், மறுநாளைக்கு என்று வைக்காதீர்கள்.

காவிரிக்கரை_சேத்தக்
(இரண்டரை மாதம் கழித்து.)

வண்டி நேற்று தெருவுக்கு வந்தது. உடம்பு பச்சை. அந்த ஐந்து வளையத்திலிருந்தே நிறத்தைப் பொருத்தி எடுத்தோம். ஹேண்டில், ஹப்பு, பீடிங், கிளட்ச் மூடி எல்லாம் வெறும் அலுமினியம். ஹேண்டிலுக்கு மட்டும் பதினொரு மாலை ஆனது. 400-இல் ஒருமுறை, 600-இல் ஒருமுறை கோடு தெரிந்து பின்னால் போனேன். ஸ்பீடாமீட்டரைச் சுற்றியுள்ள ஓரத்தில் இரண்டு குழிகளை விட்டுவிட்டேன். அதற்கு மேல் போனால் தோலைத் தாண்டிவிடும் என்று தோன்றியது.

வளையங்களை அழிக்கவில்லை. பெயிண்டர் மறைக்கிற டேப்பை நாணய அளவுக்கு வட்டமாக வெட்டி அதன் மேல் ஒட்டிவிட்டு அடித்தார். இப்போது பச்சைக்கு நடுவில் சாம்பல், வெள்ளை, நீலம், செங்காவி, பழைய பச்சை, எல்லாவற்றுக்கும் நடுவில் பித்தளைக் கோட்டின் ஒரு நுனி. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். எந்த நிறம் எந்த வருடம் அடித்தது என்று சொல்லச் சொல்ல நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

நாகை_உப்புக்காற்று
அந்த நடு வட்டத்தில் பித்தளையும் இரும்பும் அடுத்தடுத்துத் திறந்து நிற்கிறது. ஈரம் பட்டால் இரும்பு பக்கம் வேகமாக அரிக்கும். மற்ற இடத்துக்கு மாதம் ஒருமுறை மெழுகு என்றால் அங்கே வாரம் ஒருமுறை, தீக்குச்சியில் பஞ்சு சுற்றி வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை கனமாக.

காவிரிக்கரை_சேத்தக்
சரி அண்ணா. வெள்ளிக்கிழமை வண்டியைத் துடைக்கும்போது அம்மாவே வைத்துவிடுகிறேன் என்கிறார்.